காரைக்குடியில் உட்கார்ந்து டிக்கன்ஸ் படிக்க

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸை முதல் நாவலில் ஆரம்பித்து வரிசையாகப் படிக்காதீர்கள், பாதியிலேயே மூடிவிடுவீர்கள். 1843-ல் வந்த 'எ கிறிஸ்மஸ் கேரல்' சின்னப் புத்தகம், அதை முதலில் முடியுங்கள். கஞ்சன் ஸ்குரூஜ் வருவது அதில்தான். அவன் சாயலில் எத்தனை சினிமா, கார்ட்டூன் பார்த்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அப்புறம் 'லிட்டில் டாரிட்'. பர்மா, மலேயா வட்டிக்கடைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் கிடையாது என்பேன். நம் வீடுகளில் சொல்வதெல்லாம் கடன் கொடுத்தவர் பக்கத்துக் கதை. இது கடனைக் கட்ட முடியாமல் லண்டன் மார்ஷல்ஸீ சிறையில் குடும்பத்தோடு கிடந்தவர் பக்கம். டிக்கன்ஸின் அப்பாவே 1824-ல் அங்கே அடைபட்டார், 12 வயதுப் பையன் ஷூ பாலிஷ் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போனான். வீட்டுப் பெட்டகத்தில் பழைய பேரேடு இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், கணக்கில் வராத ஆட்கள் கண்ணில் படுவார்கள்.

இது 1855 முதல் 1857 வரை மாதாமாதம் தொடர்கதையாக வந்தது. அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு அத்தியாயம் போதும், எந்த இடத்தில் 'தொடரும்' போட்டு நம்மைத் தவிக்க விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். காசு செலவே இல்லை, ப்ராஜெக்ட் கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.