பாஸ்வேர்டு மறந்துபோச்சா? முதலில் எதையும் லாக் அவுட் செய்யாதீர்கள்

புதுப் போன் வாங்கிய அன்று ராத்திரி பத்தரை மணிக்கு நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டது. பதினோரு வருஷமாக அதே ஜிமெயில்தான். ஆனால் பாஸ்வேர்டைக் கடைசியாக எப்போது கையால் அடித்தேன் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. லேப்டாப்பில் மெயில் எப்போதும் திறந்தே கிடக்கும். பழைய போனிலும் அப்படித்தான், அதையும் அன்று சாயங்காலமே எல்லாம் அழித்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது. மனதில் வந்த ஏழெட்டு பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தப்பு. சரி, லேப்டாப்பில் ஒருமுறை வெளியே வந்து திரும்ப உள்ளே போனால் விரல் தானாக அடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. லாக் அவுட் கொடுத்தேன். விரல் ஒன்றையும் அடிக்கவில்லை.

அக்கா பையனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். "சித்தி, வேற எதுலயாவது இந்த அக்கவுண்ட் ஓபன் ஆகி இருக்கா? இருந்தா அதைத் தொடாதீங்க. லாக் அவுட் மட்டும் பண்ணிடாதீங்க" என்றான்.

"லேப்டாப்ல இப்பதாண்டா பண்ணினேன்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மூன்று நாள் அல்லாடி மெயிலைத் திரும்பப் பிடித்தேன். அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். உங்கள் பழைய பாஸ்வேர்டை மெயில் கம்பெனிக்காரர்களாலேயே சொல்ல முடியாது. அதை அப்படியே அவர்கள் வைத்திருப்பதில்லை. ஹாஷ் என்று திருப்பிப் படிக்க முடியாத ஒரு குறியாக மாற்றித்தான் வைக்கிறார்கள். நீங்கள் அடிக்கிறதை அதே மாதிரி மாற்றி, இரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆகவே வழி இரண்டுதான். நம்முடைய ஏதோ ஒரு கருவியில் சேமித்து வைத்த பாஸ்வேர்டைத் தேடி எடுக்க வேண்டும். இல்லையென்றால் நாம்தான் சொந்தக்காரர் என்று நிரூபித்துப் புதிது போட வேண்டும்.

அப்படியானால் பாஸ்வேர்டு கேட்காமலே லேப்டாப்பில் இத்தனை வருஷம் மெயில் திறந்ததே, எப்படி? முதல் தடவை உள்ளே போனதுமே அந்தக் கருவிக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதைக் காட்டித்தான் கருவி தினமும் உள்ளே போகிறது. லாக் அவுட் செய்தால் டோக்கன் போயிற்று. அதனால்தான் அவன் தொடாதீங்க என்று கத்தினான். இன்னும் திறந்திருக்கிற ஒரு கருவி கையில் இருந்தால், நீங்கள்தான் நீங்கள் என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது.

எனவே ஒரு தாளை எடுத்து, அந்த மெயில் எங்கெல்லாம் இருந்தது என்று எழுதுங்கள். போன், லேப்டாப், டேப், அலுவலகக் கம்ப்யூட்டர், டிராயரில் கிடக்கும் உடைந்த திரைப் போன், எல்லாவற்றையும். பழைய போனில் சிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சார்ஜ் போட்டு வைஃபையில் இணைத்தால் போதும். ஒவ்வொன்றிலும் மெயில் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதையும் அழிக்க வேண்டாம், பிரவுசர் குக்கீகளைத் துடைக்க வேண்டாம், டோக்கன் அதில்தான் இருக்கும். முக்கியமாக, ரீசெட் அடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனை ரெக்கவரி மெனு வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்தால், அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையோ பழைய திரைப் பூட்டையோ கேட்டுக்கொண்டு நிற்கும். திருட்டுப் போனுக்காக வைத்த பூட்டு, நம் தலையிலேயே விழும்.

மறந்தேதான் போயிற்றா என்றும் ஒருமுறை பாருங்கள். பாஸ்வேர்டு பெட்டியில் இருக்கும் கண் படத்தைத் தட்டி, என்ன விழுகிறது என்று பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கேப்ஸ் லாக் போட்டிருப்பதோ விசைப்பலகை தமிழுக்கு மாறிக் கிடப்பதோ தெரியாது. தமிழ்த் தட்டச்சு அதிகம் செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, கணக்கே வேறாக இருக்கலாம். பெயருக்குப் பின்னால் பிறந்த வருஷம் போட்ட மெயில் ஒன்று, போடாத மெயில் ஒன்று என்று இரண்டு வைத்திருப்போம். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரிதான், அதில் குழம்ப வேண்டாம். ஆனால் ஒரு எண் மாறினால் ஆளே மாறிவிடும்.

இனி, சேமித்த பாஸ்வேர்டைத் தேடுவது. இங்கேதான் நிறைய பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி, பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, தேடும் பெட்டியில் ஜிமெயில் என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. இல்லை என்று மூடிவிட்டேன். மறுநாள் அக்கா பையன் சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஜிமெயில் பாஸ்வேர்டு ஜிமெயில் பெயரில் இருக்காது. லாகின் பக்கம் கூகுள் அக்கவுண்ட்ஸ் உடையது என்பதால் கூகுள் என்று தேட வேண்டும். அதே மாதிரி அவுட்லுக், ஹாட்மெயில் பாஸ்வேர்டுகளை லைவ் என்றோ மைக்ரோசாஃப்ட் என்றோ தேடினால்தான் அகப்படும். அப்படித் தேடியபோது ஒன்று வந்தது. காட்டு என்றதும் லேப்டாப் தன் சொந்த பின் நம்பரைக் கேட்டது, அது தெரியும். ஆனால் கிடைத்தது நாலைந்து வருஷத்துக்கு முந்தைய பாஸ்வேர்டு. உள்ளே விடவில்லை. இருந்தாலும் அதைத் தாளில் எழுதி வைத்தேன். பிறகு ஓர் இடத்தில் கைகொடுத்தது.

குரோமோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனி பெட்டி. ஃபயர்ஃபாக்ஸில் மெனுவில் பாஸ்வேர்ட்ஸ் என்றே இருக்கும், எட்ஜில் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். குரோமிலேயே வீட்டில் இரண்டு பேர் இரண்டு புரொஃபைல் வைத்திருந்தால் இரண்டையும் பாருங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல் பாஸ்வேர்ட்ஸ் என்று தனி ஆப்பே இருக்கிறது. அதற்கு முந்தைய ஐபோன்களில் செட்டிங்ஸில் பாஸ்வேர்ட்ஸ் என்ற வரி. கருவிகளுக்கிடையே பாஸ்வேர்டைப் பகிரும் ஆப்பிளின் ஐகிளவுட் கீசெயின் போட்டிருந்தால் போனில் சேமித்தது மேக்கிலும் இருக்கும்.

கிடைக்கவில்லையா, அப்போது அந்தத் தாளில் எழுதிய சாட்சிக் கருவிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பகுதி, அதில் செக்யூரிட்டி, அதில் பாஸ்வேர்டு. பழையதைக் கேட்கும். மறந்துவிட்டது என்பதைத் தட்டுங்கள். பெரும்பாலும் அந்தக் கருவியின் திரைப் பூட்டைக் கேட்டு, சரியாக இருந்தால் புதுப் பாஸ்வேர்டு போட விட்டுவிடும். இல்லையென்றால் வேறு கருவியில் லாகின் செய்யப் பாருங்கள். சாட்சிக் கருவியில் 'நீங்கள்தானா' என்று ஒரு அறிவிப்பு வரும். சில சமயம் லாகின் செய்யும் கருவியில் ஒரு எண்ணைக் காட்டி, சாட்சிக் கருவியில் வரும் மூன்று எண்ணில் அதைத் தட்டச் சொல்லும். ஐபோனில் ஜிமெயில் ஆப் திறந்திருந்தாலும் இந்த அறிவிப்பு வரும். ஆப்பிள் கணக்குக்கும் இதே வழிதான்: செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டி, சைன் இன் அண்ட் செக்யூரிட்டியில் பாஸ்வேர்டு மாற்றம். போனைத் திறக்கும் பாஸ்கோடு தெரிந்தால் போதும்.

எனக்குச் சாட்சியே இல்லை என்றுதான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் சொந்தக்காரர் என்று நிரூபிக்கக் கேட்கும் ரெக்கவரி கேள்விகளில் போய் முட்டிக்கொண்டேன். கூகுள் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றதும் கடைசியாக ஞாபகம் இருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டது. அங்கேதான் அந்தப் பழைய பாஸ்வேர்டு உதவியது. அடுத்து, கணக்கை மீட்பதற்கென்று முன்பு கொடுத்து வைத்த என் ரெக்கவரி நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டி, அதற்கு ஓடிபி அனுப்பவா என்றது. அந்த நம்பரை நான் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. கணக்கில் மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

இந்த வழியில் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக மெயில் பார்க்கும் அதே கருவி, அதே பிரவுசர், அதே இடத்து வைஃபை. இவற்றையெல்லாம் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். நண்பர் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து முயன்றால் வாய்ப்பு குறைவு. இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் போட்டிருந்தால் நிறுத்துங்கள். எந்தக் கேள்வியையும் தெரியாது என்று தாண்டாதீர்கள், கிட்டத்தட்ட ஞாபகம் இருப்பதையாவது போடுங்கள். ஓடிபி வரவில்லை என்று நாலு தடவை கேட்டிருந்தால், கடைசியாக வந்ததைப் போடுங்கள். மெயிலுக்கு வரும் என்றால் ஸ்பேமையும் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முட்டாதீர்கள், முயற்சி அதிகமானால் கதவைச் சாத்திவிட்டுப் பிறகு வா என்பார்கள். எனக்கும் சாத்தினார்கள்.

அவுட்லுக், ஹாட்மெயில்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு படிவம் வைத்திருக்கிறது. சமீபத்தில் யாருக்கு மெயில் அனுப்பினீர்கள், தலைப்பு என்ன என்றெல்லாம் கேட்கும். தலைப்பு எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால் நல்லது. ஆகவே உங்கள் மெயில் வந்த நாலு நண்பர்களைக் கூப்பிட்டு அவர்கள் இன்பாக்ஸைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் 24 மணி நேரத்தில் வரும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரை அனுப்பலாம். ஆனால் பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் இந்தப் படிவம் வேலை செய்யாது. பாதுகாப்பு நம்பர், மெயில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருப்பு. ஆப்பிளில் கடைசி வழியான அக்கவுண்ட் ரெக்கவரிக்குப் பல நாள் ஆகலாம், அதுவரை அந்தக் கணக்கு திறந்திருக்கும் மற்றக் கருவிகளை அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். அலுவலக, கல்லூரி மெயில் என்றால் இத்தனை பாடே வேண்டாம், அங்கே அட்மின் யார் என்று பார்த்து அவரிடம் கேளுங்கள்.

தேடுபொறியில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டு மீட்டுத் தரும் எவரோடும் கூகுளுக்குத் தொடர்பு கிடையாது, அதைக் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் உங்களிடம் கேட்கப்போவது ஓடிபியைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் அலமாரியைத் துடைக்கும்போது மகள் படம் வரையும் டேப் கண்ணில் பட்டது. இரண்டு மாதமாக சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதை வாங்கிய புதிதில் ஆப் இறக்குவதற்காக என் மெயிலைத்தான் போட்டுக் கொடுத்திருந்தேன்! சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மெயில் திறந்தே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றப் போனால் திரைப் பூட்டைக் கேட்டது. புள்ளிகளை இணைத்துக் கோடு இழுக்கும் அந்தப் பேட்டர்ன் மகளுக்குத்தான் தெரியும், அவள் பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் வந்து, "அம்மா, நீ பார்க்காதே" என்று கையால் மறைத்துக்கொண்டு போட்டாள். இரண்டு நிமிஷத்தில் புதுப் பாஸ்வேர்டு.

கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு மாறியதும், உங்களை உறுதிசெய்யப் பயன்பட்ட கருவி போன்ற சிலதைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றிவிடும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து உள்ளே போக வேண்டும். அங்கே பிரவுசர் பழைய பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும், அதைத் துடைத்துப் புதிது போட்டு, அப்டேட் செய்யவா என்றால் சரி சொல்லுங்கள். நான் லேப்டாப்பில் இதைக் கவனிக்காமல் மறுபடி மூன்று தடவை தப்பு அடித்தேன். தண்டர்பேர்டு மாதிரி மெயில் மென்பொருளுக்குத் தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுத்து வைத்திருந்தால், அதுவும் செல்லாமல் போகும், புதிதாக எடுக்க வேண்டும். பழைய போனை ரீசெட் செய்து யாருக்காவது கொடுக்கும் எண்ணம் இருந்தால் 24 மணி நேரம் பொறுங்கள்.

அன்றே ரெக்கவரி நம்பரையும் ரெக்கவரி மெயிலையும் மாற்றுங்கள். என் தோழி ஒருத்தி முதல் மெயிலுக்கு இரண்டாவதையும், இரண்டாவதற்கு முதலையும் ரெக்கவரியாகக் கொடுத்து, இரண்டு பாஸ்வேர்டையும் மறந்தவள். ரெக்கவரிக்கென்று வைத்த மெயிலையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். 2 வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டால், போன் கையில் இல்லாதபோது உள்ளே போகக் கூகுள் 8 இலக்கத்தில் 10 பேக்கப் கோடு தரும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். அதைப் போனில் படம் பிடித்து வைத்து என்ன பயன், போன்தானே தொலைகிறது. நான் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். போன மாதம் ஒன்று தேவைப்பட்டது. அதன் மேல் கோடு போட்டாயிற்று, ஒன்பது பாக்கி இருக்கிறது.