கொழும்பிலிருந்து கேரவனில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேரவன் வானை வாடகைக்கு எடுத்து நாட்டுப்புறம் சுற்றும் ஆசை கொழும்புக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. நல்ல ஆசைதான். ஆனால் முதல் தவறு, வரைபடத்தைப் பார்க்கும்போதே நடந்துவிடுகிறது. “வெள்ளவத்தையிலிருந்து அனுராதபுரம் 200 கிலோமீற்றர் சொச்சம்தானே, நாலு மணித்தியாலத்தில் போய்விடலாம்” என்று யாராவது ஒரு மாமா சொல்வார்.

அது காருக்குரிய கணக்கு. நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் போகும் ஏ3 வீதியில் பஸ்கள் முந்திக்கொண்டு பறக்கும். உயரமும் எடையும் கூடிய வானால் அவற்றோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. உள்வீதிகளில் அறுவடைக் காலத்தில் தார் வீதியின் பாதியில் நெல் காயும். எதிரே ட்ராக்டர் வந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். நிறுத்தங்களையும் சேர்த்து ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே கொழும்பைத் தாண்டிவிடுங்கள். முன்னேஸ்வரம் கோயில், கற்பிட்டிக் கடற்கரை, வில்பத்து வனப்பூங்கா மூன்றையும் ஒரே பகலில் அடைக்கப் பார்ப்பவர்கள் எதையும் இறங்கிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், முன்னேஸ்வரத்தில் ஆறுதலாகக் கும்பிட்டுவிட்டு மற்ற இரண்டையும் இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம்.

இந்தக் கணக்குப் பிழை வெறும் அலுப்போடு முடிவதில்லை. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. மறைந்தால் விரைவில் இருட்டிவிடும். காலையில் சோம்பலில் புறப்பட்டு, வழியிலும் அங்கங்கே நேரம் கழித்தால், அந்தத் தாமதம் புத்தளம் – அனுராதபுரம் வீதியில், வில்பத்துக்குத் தெற்கே, சரியாக அந்த நேரத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். யானைகள் வீதியைக் கடக்கும் நேரமும் அதுதான். கேரவனுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. யானைக்கு மோப்ப சக்தி அபாரம். உங்கள் வானிலோ ஜன்னலோரம் வாழைக்குலை தொங்குகிறது. ஊவாவின் புத்தல – கதிர்காமம் வீதியில் பயணிகள் பழம் கொடுத்துப் பழக்கியதால், இன்று வாகனங்களை மறித்து நிற்கும் யானைகளே உருவாகிவிட்டன. பழங்களை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஒரு துண்டுகூட வெளியே நீட்டாதீர்கள். யானை தெரிந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், அருகே போய்ப் படமெடுக்க ஆசைப்படாதீர்கள். பின்பக்கம் சரியாகத் தெரியாத நீண்ட வானை அவசரத்தில் பின்னுக்கு எடுப்பது லேசான வேலையல்ல.

அடுத்தது எரிவாயு. வானின் தரையில், அடுப்புக்குக் கீழே, சிறிய கம்பிவலை போட்ட துவாரம் ஒன்று இருக்கும். நுளம்பு வருகிறதென்று பெரியம்மா பழைய சேலைத் துண்டைச் சுருட்டி அதில் அடைத்துவிடுவார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில்தான் தேங்கும், அந்தத் துவாரம் வழியாகத்தான் வெளியேறும். நுளம்புக்கு வலை கட்டுங்கள், துவாரத்தைத் தொடாதீர்கள். ஓடும்போது சிலிண்டரின் வால்வை மூடியே வைத்திருங்கள். மழையென்று ஜன்னல்களை எல்லாம் பூட்டிக்கொண்டு சமைப்பதும் ஆபத்து. அடுப்பு எரியும்போது உண்டாகக்கூடிய, மணமில்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு ஆளைச் சத்தமில்லாமல் மயக்கிவிடும்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதில் பலருக்கு அளவு தெரிவதில்லை. 100 லீற்றர் என்பது 100 கிலோ; பிரேக் அதையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். பாதி போதும். கழிவுநீர் விடயத்தில் மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன். பாத்திரம் கழுவிய நீரை வாய்க்காலிலோ குளத்திலோ திறந்துவிடுவது ஊரின் முகத்தில் துப்புவதற்குச் சமம். அதே நீரில்தான் மக்கள் குளிக்கிறார்கள், அதே நீர்தான் வயலுக்குப் பாய்கிறது. கழிவறைத் தொட்டியைக் காலியாக்கும் வசதி வழியில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பெற்றோல் நிரப்பும் இடத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் உள்ள கழிவறைகளையே பயன்படுத்துங்கள். வாடகைக்குத் தருபவரிடம் தொட்டியை எங்கே கொட்டுவது என்று புறப்படுமுன் கேட்டுவிடுங்கள்.

பௌர்ணமி விடுமுறையில் அனுராதபுரம் பக்கம் போகாதீர்கள், அதுவும் பொசன் (ஜூன் மாதப் பௌர்ணமி) என்றால் வேண்டவே வேண்டாம். யாத்திரிகர் கூட்டத்தில் வானைத் திருப்பவே இடம் கிடைக்காது.

நிறுத்தும் இடத்தைத் தேடும்போது எல்லோருடைய கண்ணும் நிழலைத் தேடும். சிலாபம், மாதம்பைப் பக்கம் நிழல் என்றாலே தென்னைதான். காய்த்த தென்னையின் கீழ் நிறுத்தினால் கூரைக்கு மட்டுமல்ல, கதவைத் திறந்து இறங்குகிறவர் தலைக்கும் உத்தரவாதமில்லை. குளக்கட்டிலும் வேண்டாம். அது ஊரார் நடமாடும் பாதை, ஓரம் இளகியும் இருக்கும். கடைக்காரரிடமோ தோட்டக்காரரிடமோ கேட்டு, அனுமதி வாங்கி, அவரிடமே இரண்டு இளநீரும் வாங்கிக்கொண்டு நிறுத்துவது நல்லது. வானின் முகம் வீதியைப் பார்த்திருக்கட்டும். இரவில் மழை கொட்டினால், சேறான தரையில் பின்னோக்கி எடுக்கப் போய்த்தான் சக்கரம் புதைகிறது.