கால் மைல் ஓட்டம்: வீட்டுக் காரோடு பந்தயத்துக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். இரண்டு கார்கள் நேர்ப்பாதையில் பக்கத்துப் பக்கமாக ஓடும் ட்ராக் (drag) பந்தயத்தின் கால் மைல் 402 மீற்றர். இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதாலோ என்னவோ, இரவில் பாலம் வெறிச்சோடிக் கிடக்கும்போது சில தம்பிமாருக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம் என்று தோன்றிவிடுகிறது. தயவுசெய்து வேண்டாம். பாலத்திலும் சரி, நிலாவெளி வீதியிலும் சரி, விளக்கில்லாத சைக்கிள் வரும், மாடு படுத்திருக்கும், கடற்கரை மணல் தாரின்மேல் படிந்திருக்கும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் உங்கள் வேகத்தைக் கணக்கிட்டு வீதியைக் கடப்பதில்லை. பொது வீதியில் வேகம் பார்ப்பதுதான் எல்லாப் பிழைகளுக்கும் மூத்த பிழை. அதை விட முடியாதவருக்குக் கீழே எழுதியிருக்கும் எதுவும் உதவாது.

திருகோணமலையில் இதற்கென்று நிரந்தர ஓடுபாதை இல்லை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையைப் போல, வாகனப் பந்தயத்துக்காக மூடித் தரப்படும் இடங்களுக்குத்தான் போக வேண்டும். தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பயணம். போன காரிலேயே திரும்பியும் வர வேண்டும். கிளட்ச்சை எரித்துவிட்டு நடு இரவில் ஹபரணையில் நிற்க யாருக்கும் விருப்பமிராது.

அடுத்த பிழை, காசை எஞ்சினில் கொட்டுவது. பெரிய சைலென்சர், புதிய காற்று வடிகட்டி என்று செலவழித்தவர், சாதாரண காரில் வந்த அனுபவசாலியிடம் தோற்பதைப் பந்தய இடங்களில் அடிக்கடி காணலாம். ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டில் முதல் 60 அடிக்கான நேரம் தனியாக அச்சாகியிருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த 18 மீற்றரில் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தால், முடிவுக் கோட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கிடைக்கும். புறப்படும் இடத்தில் கைவிட்டதைப் பிறகு எஞ்சின் பலத்தால் மீட்பது மிகக் கடினம்.

இங்கே ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பவை முன்சில்லுகள். வேகமெடுக்கும்போது பாரம் பின்னால் சாய்ந்து, இழுக்கும் சில்லுகளின் பிடி குறைந்துவிடும். அதனால் முன்டயர்களின் காற்றை மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறைப்பது உதவும், பின்டயர்களைக் குறைத்தால் கார் இன்னும் கனமாக உருளும், பயன் ஒன்றுமில்லை. வீடு திரும்பப் புறப்படுமுன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பியே ஆக வேண்டும். பந்தய டயர்களைச் சுழற்றிச் சூடேற்றுவதற்காகத் தொடக்கக் கோட்டுக்கு முன்னால் நனைத்துவைத்திருக்கும் தண்ணீர்த் தடத்தில் சாதாரண டயரோடு இறங்கவும் கூடாது. வரிப்பள்ளங்கள் தண்ணீரை வாரிக்கொண்டு நேரே கோட்டுக்குக் கொண்டுவரும். தடத்தைச் சுற்றி வந்து, உலர்ந்த இடத்தில் ஓரிரு செக்கன் சுழற்றித் தூசியை உதறினால் போதும். புகை கிளம்பும்வரை சுழற்றினால் டயர் சூடேறி வழுக்கத் தொடங்கும்.

ஏசியைப் பற்றி அநேகர் நினைப்பதே இல்லை. வெயிலில் வரிசையில் நிற்கும்போது ஏசி ஓடினால், காரின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அது கோட்டின்மேல் விழுந்து, பின்னால் வருபவரின் டயரில் ஒட்டும். முழு வேகத்துக்கு அழுத்தும் அந்த நொடியில் ஒரு சில்லு மட்டும் ஈரத்தில் நின்றால் கார் பக்கவாட்டில் இழுபடும். உங்கள் வசதிக்காக இன்னொருவரை ஆபத்தில் விடாதீர்கள். வரிசைக்கு வருமுன்பே ஏசியை அணைத்துவிடுங்கள். எண்ணெயோ ரேடியேற்றர்த் தண்ணீரோ கசியும் காரைக் கொண்டுவரவே கூடாது.

தொடக்கக் கோட்டில் புறப்பாட்டைக் காட்டும் விளக்குக் கம்பத்தைப் பார்த்துப் பதறுவது புதியவர்களின் இயல்பு. மேலேயுள்ள இரண்டு சிறிய விளக்குகள் முன்சில்லு கோட்டுக்கு வந்துவிட்டதைக் காட்டும். இரண்டாவது எரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். வழக்கமான முறையில் மஞ்சள் விளக்குகள் மூன்றும் அரைச் செக்கன் இடைவெளியில் இறங்கிவரும், பிறகு பச்சை. பச்சையைக் கண்டபின் காலை அழுத்துகிறவர் பிந்திவிடுவார். கடைசி மஞ்சளிலேயே புறப்படப் பழக வேண்டும். ஆனால் தாமதமாகப் புறப்பட்டதால் ஓட்ட நேரம் கூடிவிட்டது என்று நினைப்பது தவறு. சில்லு கோட்டை விட்டு நகர்ந்த பிறகே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். புறப்படத் தாமதித்த நேரமும் ஓட்ட நேரமும் சீட்டில் வேறு வேறு எண்கள். பக்கத்துக் காரை வெல்ல இரண்டும் வேண்டும். உங்கள் கார் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அறிய ஓட்ட நேரம் மட்டும் போதும்.

கையால் கியர் மாற்றும் காரில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் டயர் வீணே சுழலும், இல்லாவிட்டால் அச்சுத்தண்டு உடையும். பட்டியால் இயங்கும் சி.வி.டி. என்ற தானியங்கிக் கியர்பெட்டி உள்ள காரில் பிரேக்கையும் அக்ஸிலரேற்றரையும் சேர்த்து மிதித்து நிற்காதீர்கள். பட்டியும் எண்ணெயும் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை, பழுதுபார்க்கும் செலவோ மிகப் பெரியது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வளர்ந்தவர்களுக்கு வெப்பத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்கும் பலம் குறையும். காலை ஓட்டத்தையும் நண்பகல் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, கார் கெட்டுவிட்டது என்று கராஜுக்கு ஓடாதீர்கள். ஓட்டங்களுக்கு இடையே பொனட்டைத் திறந்து ஆறவிடுங்கள்.

பாதுகாப்பில் சமரசமே வேண்டாம். ஹெல்மெட், சீட் பெல்ட், மூடிய சப்பாத்து. சில்லு நட்டுகளை அன்று காலையே இறுக்கிப் பாருங்கள். ஜாக்கி, தண்ணீர்ப் போத்தல், பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். பிரேக் பிடிக்கும்போது உருண்டுவரும் ஒரு போத்தல் மிதிக்கு அடியில் சிக்கினால் போதும், கார் நிற்காது. ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதி விரிப்பையும் எடுத்துவிடுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் பிரேக் எண்ணெய் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பழைய எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி தரைவரை இறங்கும். இரண்டு வருடத்துக்கு மேலானதென்றால் மாற்றிவிட்டுப் போங்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபின் பக்கத்துக் கார் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் திரும்பவே கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயர்க் காற்றையும் புறப்படும்போதுள்ள எஞ்சின் சுழற்சி வேகத்தையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. சீட்டின் பின்பக்கத்தில் நேரம், வெயில், காற்றழுத்தம் மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போங்கள்.