ஏழு இரவும் ஒரே கரையில் என்று போட்ட திட்டம்

தேனிலவுக்கு மொரீஷியஸ், மாதம் ஜூலை என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. அவளுக்கு மலையேற வேண்டும். எனக்குக் கடலில் ஊறிக் கிடந்தால் போதும். படங்களில் மயங்கி, கிழக்குக் கரையிலுள்ள பெல் மாரில் ஏழு இரவுக்கும் அறை பதிவு செய்துவிட்டேன். வெப்பத் தீவுக்குப் பருவம் வேறு பார்க்க வேண்டுமா என்ற மிதப்பு!

பிறகுதான் உறைத்தது. அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஜூலை அங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை ஓயாமல் அடிக்கும் மாதங்கள் அவை. நடுவிலுள்ள மேட்டு நிலம் மறைப்பதால் மேற்குக் கரையில் அந்த வேகம் அடங்கிவிடுகிறது.

நல்லவேளையாக, பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் கெடு முடியவில்லை. கிழக்கே இரண்டு இரவை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி ஐந்தை மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்குக்கு மாற்றினேன். "நீங்கள் படுத்துக் கிடப்பதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்றாள்.

பெல் மாரில் விரித்த துண்டு நிற்கவில்லை. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. மேற்கே பவளத்திட்டுக்கு உள்ளே, இடுப்பளவு நீரில் நின்றபோது கால் விரல்கள் தெரிந்தன. அங்கிருந்து, 556 மீட்டர் உயரமுள்ள லெ மோர்ன் மலைக்கு விடியற்காலையில் கிளம்பினோம். மேல்பகுதி செங்குத்து, நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், அவள் வழிகாட்டியோடு ஏறிவிட்டு வந்தாள். மதியம் முழுக்கக் கடல் என்னுடையது.