உப்புத் தண்ணீர் விளக்கில் வெள்ளைக் கசடு: குறைக்கும் வழி

வேலூர் போர்வெல் தண்ணீரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே போதும், சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். கரண்ட் போகும் நேரத்துக்காக உப்புத் தண்ணீரில் எரியும் விளக்கு ஒன்று வாங்கினேன். எப்படியும் உப்பைக் கரைக்கத்தானே போகிறோம் என்று சத்துவாச்சாரி வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினேன். ஒரு வாரத்தில் மங்கிவிட்டது. திறந்தால் தயிர் உறைந்த மாதிரி வெள்ளைக் கசடு.

அந்தக் கசடு இரண்டு வகை. விளக்குக்குள் ஒரு மெக்னீசியத் தகடு, எதிரே காற்றை உள்ளே விடும் கருப்புக் கார்பன் தகடு. மின்சாரம் வரும்போது மெக்னீசியம் கரைந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் இருப்பதும் இதுதான். 24 கிராம் மெக்னீசியம் கரைந்தால் சுமார் 58 கிராம் கசடு சேரும். இதைத் தடுக்க முடியாது, அவ்வப்போது கழுவித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று நாமே ஊற்றுவது. கார்பன் தகட்டை ஒட்டிய தண்ணீர் காரத்தன்மை அடையும்போது, போர் தண்ணீரில் உள்ள கால்சியம் அங்கேயே சுண்ணாம்பாகப் படிந்து நுண்துளைகளை அடைக்கிறது. காற்று போகாவிட்டால் விளக்கு ஏது? இதை முழுக்கவே தவிர்க்கலாம்.

1. மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் போதும். செம்பு, பித்தளை, துருப்பிடித்த இரும்பு வேண்டாம். அவற்றிலிருந்து துளி கலந்தாலும் மெக்னீசியம் வீணாக அரிக்கும், கசடும் கூடும்.

2. 200 மி.லி.க்குத் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு. கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் நான் போடுவதில்லை. நன்றாகக் கரைத்து, தெளியவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

3. வேலை முடிந்ததும் உடனே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். விளக்கு அணைந்திருந்தாலும் உப்புத் தண்ணீரில் கிடக்கும் மெக்னீசியம் தானாகவே அரித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும். அதனால் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

4. ஈரம் காய்வதற்குள் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நம் ஊர் வெயிலில் கசடு காய்ந்து ஓடாகிவிட்டது, பிறகு சுரண்டினாலும் வரவில்லை. ஈரமாக இருந்தால் மெக்னீசியத் தகட்டைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தாலே போய்விடும்.

5. கார்பன் தகட்டில் ஏற்கெனவே வெள்ளை ஏறியிருந்தால், மெக்னீசியத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து உள்ளே ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். அப்புறம் அலசுங்கள். மெக்னீசியத்தில் வினிகர் படக் கூடாது, உலோகத்தையே தின்றுவிடும். கார்பன் தகட்டைச் சுரண்டவோ சோப்புப் போடவோ வேண்டாம். சோப்பு பட்டால் தண்ணீர் ஒட்டாத தன்மை போய், வெளிப்பக்கம் கசிய ஆரம்பிக்கும்.

சரி, இவ்வளவுதான். கொட்டும் தண்ணீரை மட்டும் துளசி மாடத்தில் ஊற்றாதீர்கள். உப்பு செடியைக் கருக்கிவிடும்.