சின்னம் சூட்டும் முன் ஒரு கிழமை

பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு பார்க்கும் மூத்த மாணவர்களான புதிய மாணவ முதல்வர்களுக்குச் சின்னம் சூட்டுவதற்கு முந்திய கிழமை, தரம் 6 பிள்ளைகளில் ஆளுக்கு ஐந்தாறு பேரைப் பொறுப்புக் கொடுங்கள். வேலை இவ்வளவுதான்: பெயரைக் கேட்டுப் பழகுவது, இடைவேளையில் கன்ரீனையும் நூலகத்தையும் காட்டுவது. வரிசை பார்ப்பது, பிந்தி வருபவரைப் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் தரம் 6இல் பலர் வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றோடு வந்து சேர்பவர்கள். அவர்களுக்கு முதலில் தெரியவருவது அதட்டுகிற அண்ணாவாக இருந்தால், பிறகு ஒரு பிரச்சினையென்றாலும் வாய் திறக்கமாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அக்காவிடம் தாமாகவே வருவார்கள். சில்லறை முறைப்பாடுகள் அங்கேயே தீர, வகுப்பாசிரியருக்கும் நேரம் மிஞ்சும். செலவு ஒரு சதமும் இல்லை.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இது தேவைப்படாது. உயர்தரப் பரீட்சை நெருங்கிய தரம் 13 பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம், தரம் 12 போதும். அடி, மிரட்டல், வீட்டுப் பிரச்சினை என்று ஏதும் காதில் விழுந்தால் மாணவ முதல்வர் விசாரிக்கக் கூடாது. அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். இதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.