தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் வீடு இருந்தால்

என் அக்கா மதுரை பரவையில் இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து அதிசயம் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போக ஆட்டோகூட வேண்டாம். நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் எங்கள் இரண்டு பேர் போனும் ஒரே மாதிரி அடிக்க ஆரம்பிக்கும். "சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு..." என்று இழுப்பார்கள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் மாற்று உடையும் துண்டுமாக வருவார்கள். என்னைப் பார்க்க வருகிறவர்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடிப்பதற்குள், "அரிச்சல்முனைக்கு எப்போ கிளம்பலாம்?" என்று கேட்டுவிடுவார்கள். தனுஷ்கோடியைத் தாண்டித் தீவு முடிகிற முனை அது.

நான் பிறந்தது பரமக்குடி. சின்ன வயதில் எங்களுக்குச் சுற்றுலா என்றால் ராமேஸ்வரம்தான், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. பாசஞ்சர் ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும்போது அப்பா சில்லறையைக் கையில் கொடுத்துக் கடலில் போடச் சொல்வார். அன்றைக்கு நினைத்தேன், இந்த ஊரிலேயே இருந்தால் தினமும் திருவிழாதானே என்று. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கேயே வந்துவிட்டேன். மாமனார் வீட்டில் மல்லிகைப் பதியன் போடுகிறார்கள். மணலில் குச்சி ஊன்றி, வேர் விட்டதும் கட்டுக் கட்டாக மதுரைப் பக்கம் போகும். நான் வாசல் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன்.

முதல் வருஷம் வாரம் தவறாமல் எங்காவது கிளம்பினோம். சாப்பாடு கட்டிக்கொண்டு காலையில் போய் இருட்டும்போது திரும்புவோம். அப்போது தனுஷ்கோடிக்கு ரோடு கிடையாது. வேன்காரர்கள்தான் மணலிலும் தண்ணீரிலும் குலுக்கிக் கூட்டிப்போவார்கள். அடுத்த இரண்டு வருஷம் ஒரு தடவைகூடப் போகவில்லை. திகட்டிவிட்டது. அக்காவும் இதையேதான் சொன்னாள், அந்தப் பக்கம் போனாலே தலை சுற்றுகிறது என்று.

பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் முதலில் விட வேண்டியது இந்த முழுநாள் பழக்கத்தைத்தான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நமக்கு என்ன அவசரம்? ஒரு தடவைக்கு ஓர் இடம், ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். கோதண்டராமர் கோயில் வரை போய் நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் அது ஒரு நாள் கணக்கு. தனுஷ்கோடிப் பக்கத்தை 2025இல் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அவை குளிர்காலத்தை ஒட்டித்தான் வரும், மே மாதம் போய் நின்றால் மணலைத்தான் பார்க்கலாம். கந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம் இருக்கும் இடத்தில் ஏறி நின்று தீவைச் சுற்றிப் பார்ப்பது இன்னொரு நாள். ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண் என்கிறார்கள். அவற்றை எண்ணிப் பார்க்கும் நோக்கமில்லாமல் சாயங்காலம் ஒரு சுற்று நடப்பது வேறொரு நாள். பாதியை விட்டுவிட்டு வந்தால்தான் அடுத்த தடவை போகத் தோன்றும்.

இரண்டாவது, காற்று. இது தெரியாமல் இங்கே எங்கும் கிளம்பக்கூடாது. அத்தைதான் கற்றுக்கொடுத்தார். என் மாமியார் பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் வாசலில் நின்று சேலைத் தலைப்பு பறக்கிற திசையைப் பார்த்தே கடல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். "கச்சான் அடிச்சா வடக்குக் கடலுக்குப் போ, வாடை அடிச்சா தெக்குக் கடலுக்குப் போ" என்பது அவர் கணக்கு.

விளக்கம் இதுதான். நம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஒன்று அடக்கம், ஒன்று ஆட்டம் என்று. அந்தப் பெயரை முழுசாக நம்பிவிடாதீர்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தெற்குக் கடல்தான் ஆடும். தனுஷ்கோடி ரோட்டில் மணலை அள்ளிக் கொட்டும், வண்டியில் போனால் முகத்தில் ஊசி குத்துவது போல இருக்கும். அந்த நாட்களில் வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் கதை தலைகீழ். அடக்கமான பெண் கடல் அப்போது பாம்பன் வடக்குப் பக்கத்தில் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! தெற்கு சாந்தமாகிவிடும். ஆக, எந்த மாதத்திலும் ஒரு பக்கம் நமக்குத் திறந்திருக்கும். வெளியூர்க்காரர் டிக்கெட் எடுத்த தேதியில் கிடைத்த கடலைத்தான் பார்க்க முடியும். நாம் கடலைப் பார்த்துத் தேதி வைக்கலாம்.

அரிச்சல்முனைக்கு நேரம் காலை. விடிந்ததும் அங்கே இருக்கும்படி கிளம்ப வேண்டும், எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் இல்லை. மகனை உட்கார வைத்துக்கொண்டு முகுந்தராயர் சத்திரம் வரை வண்டியைத் தள்ளிய அனுபவம் எனக்கு இருக்கிறது, உங்களுக்கு வேண்டாம். சத்திரத்திலிருந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு 2017இல் திறந்தது. இரண்டு பக்கமும் கடல், நிழல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பத்து மணிக்கு மேல் வேன்கள் வரிசை கட்டிவிடும், அசோகத் தூணைச் சுற்றி செல்போன்தான் தெரியும். அதற்கு முன் திரும்பிவிட வேண்டும். சூரிய அஸ்தமனத்துக்காகப் போகிறவர்கள் ஏமாந்து வருவார்கள். இருட்டும் முன்பே போலீஸ் கிளப்பிவிடும். முனையில் நிற்கும்போது போனில் இலங்கை சிக்னல் ஏறிக்கொள்வது உண்டு. தலைமன்னார் கடல் வழியே சுமார் 30 கிலோமீட்டர்தானே. டேட்டாவை அணைத்து வையுங்கள்.

அங்கே குளிக்கக்கூடாது. கால் நனைப்பதோடு சரி. இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று மீன்பிடிக்கிறவர்களே யோசித்துத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆட்டம் போட வேண்டும் என்றால் பாலத்தைத் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் அரியமானுக்குக் கூட்டிப் போகிறேன். குஷி பீச் என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். சவுக்குத் தோப்பு நிழல், இடுப்பளவுத் தண்ணீருக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஆழமில்லாத கடல். அக்கா பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கு கேட்டு அடம்பிடித்த பிள்ளைகள்தான், அரியமானில் விட்டால் வெளியே வர மாட்டேன் என்கிறார்கள். ஆனால் அது வடக்குக் கடல். அத்தை கணக்குப்படி வாடைக் காலத்தில் வேண்டாம்.

பாலத்தைப் பற்றி. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது ஒரு வியாதி. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது? பாலத்தைப் பார்க்க ஆசையென்றால் ராமேஸ்வரத்தில் மதுரை பாசஞ்சரில் ஏறி, மண்டபத்தில் இறங்கி, பஸ்ஸில் திரும்பி வந்துவிடுங்கள். சாலைப் பாலம் தெரியாத பக்கத்து ஜன்னலாகப் பிடித்தால் வெறும் கடல் மட்டும் தெரியும். 1914இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிப்ட் மாதிரி அப்படியே மேலே போகிற புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இடையில் இரண்டே கால் வருஷம் தீவுக்குள் ரயில் வரவில்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், ஆனால் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. வீடென்றால் ஆள் வர வேண்டும் என்பார்.

சரி, வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. "நான் பூங்கா கேட் வரைக்கும் வருவேன், உள்ளே வரமாட்டேன்." கேட்டபோது கடுமையாகத் தெரிந்தது. ஒரு மே மாதத்தில் நான்கு குடும்பங்களோடு நான்கு தடவை அரிச்சல்முனை போய் வந்து, தைக்க வாங்கிய ரவிக்கைகள் மூட்டையாகக் கிடந்த பிறகு நானும் அந்தச் சட்டத்துக்கு வந்துவிட்டேன். இப்போது பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வழி வரைந்து கொடுத்துவிடுவேன். முதலில் முனை, திரும்பும்போது பழைய தனுஷ்கோடி, வெயில் ஏறியதும் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். மதியச் சாப்பாட்டுக்கு வீடு. நான் கூட வருவது ஒரே ஓர் இடத்துக்கு, அதுவும் எனக்குப் பிடித்த நேரத்தில்.

தேதியையும் நாமே சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு நாள் வேண்டவே வேண்டாம், அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கார்த்திகையில் மாலை போட்ட சாமிகள் வரத் தொடங்கினால் தை வரைக்கும் கோயில் தெருவில் வண்டி நகராது. புரட்டாசியின் சாதாரண செவ்வாய், புதன் சொர்க்கம். மீன் சாப்பிட வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், கரை திரும்பிய காலையில் வாங்கினால்தான் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், பள்ளி லீவும் அப்போதுதான். அந்த மாதங்களில் நாட்டுப்படகில் வரும் சூடையும் முரலும் கிடைத்தால் போதும் என்று இருக்க வேண்டும். வஞ்சிரம் எங்கே என்று கேட்கும் அத்தானுக்கு முண்டு மிளகாய் அரைத்து விட்ட சூடைக் குழம்பை ஊற்றினேன், பேச்சு நின்றுவிட்டது.

வருகிறவர்களிடம் கிளம்பும் முன் இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். பவளப்பாறைத் துண்டு கரையில் கிடந்தாலும் எடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். அக்கா மகன் ஒரு தடவை பையில் போட்டுக்கொண்டு வந்தான். "செத்ததுதானே சித்தி" என்றான். மறுநாள் அவனையே கூட்டிப்போய்ப் போட வைத்தேன். முப்பது கிலோமீட்டர் பெட்ரோல் அதற்கு.

இன்னொன்று, பழைய தனுஷ்கோடியில் சத்தம் போட்டுச் சிரிக்காதீர்கள் என்பது. அது பூங்கா இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை ஆட்களோடு அலை இழுத்துக்கொண்டது. அதுவரை சென்னையிலிருந்து போட் மெயில் அந்த ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தது, அங்கிருந்து கப்பல் ஏறினால் இலங்கை. பவளக் கல்லில் கட்டிய சர்ச் சுவருக்குள் நின்று கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் சுற்றிலும் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, அவர்கள் வாசலுக்குள் செல்போனை நீட்டுவதெல்லாம் கூடாது. மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்க்கலாம், கேட்டால் குடிக்கவும் கொடுப்பார்கள். அவர்கள் பொரித்து விற்கும் மீனை வாங்கிச் சாப்பிடுங்கள், பேரம் வேண்டாம்.

கடைசியாகத் துரு. கடலுக்குப் பக்கத்தில் குடிவர ஆசைப்படுகிற யாரும் இதைக் கேட்பதில்லை. உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் பலகாரம். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தாலும் அடியில் தின்றுகொண்டேதான் இருக்கும், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எவர்சில்வராகப் போட்டுவிடலாம். முனைக்குப் போய்வந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்; மறுநாள் என்று விட்டால் செயின், பிரேக், சைலன்சர் என்று மெக்கானிக்குக்கு மொய் எழுத வேண்டியதுதான். என் தையல் மிஷினுக்கு வாரம் இருமுறை எண்ணெய், ராத்திரி துணி மூடி. ஊசிகளை மிஷின் ஆயில் தொட்ட துணியில் குத்தி டப்பாவில் வைப்பேன், இல்லையென்றால் புது ரவிக்கையில் பழுப்புப் புள்ளி விழும். ஒரு வாடிக்கையாளரின் பட்டுத் துணியில் விழுந்து நான் பணம் கொடுத்த கதை தனி.

போன வாரம் அக்கா போன் செய்தாள், தை பிறந்ததும் பிள்ளைகளோடு வருகிறாளாம். காலண்டரைப் பார்த்தேன், அவள் சொன்ன நாள் அமாவாசைக்கு முந்தின நாள். மூன்று நாள் தள்ளி வரச் சொல்லிவிட்டேன். வரும்போது அத்தானின் பழைய வேட்டி இரண்டு கொண்டுவரச் சொன்னேன், வண்டி துடைக்க. மதுரையில் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி மாதிரி உப்பை எடுக்கும் துணி வேறு கிடையாது.